இரண்டு மணி பத்து நிமிடம்

பிரசவ வார்டில் அவளுக்கு ‘வம்பு சிஸ்டர்’ என்று பெயர். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் பணிந்துபோன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாள் காலை, ஆறாம் மாதத்திலேயே ஒரு குழந்தை பிறந்துவிட்டது. அறுநூறு கிராம்கூடத் தேறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பிழைக்காது. அம்மாகிட்ட காட்ட வேணாம்.” ஆயா அதைத் துணியில் சுற்றி மூலை மேசையில் ஒரு தட்டில் வைத்தாள்.

வம்பு சிஸ்டர் துணியை விலக்கினாள். தீப்பெட்டி அகல நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, கண், மடங்கிய காது, கழுத்து என்று துடைக்க ஆரம்பித்தாள்.

தலைமை சிஸ்டர் வந்து நின்றாள். “டாக்டரே சொல்லியாச்சு. எதுக்கு இந்த வெட்டி வேலை?”

“பிழைக்கறது அப்புறம் சிஸ்டர். இப்போ பிறந்திருக்கே. பிறந்த பிள்ளைக்குச் செய்யறதைச் செய்யறேன்.”

“கொஞ்ச நேரத்துல போயிடும்.”

“நாம மட்டும் நிலைச்சு நிக்கவா வந்திருக்கோம்? முன்னே பின்னே, அவ்வளவுதான்.”

குழந்தையைக் கொண்டுபோய்த் தாயின் மார்பில் படுக்கவைத்தாள். தாயின் கை காற்றிலேயே நின்றது.

“தொடலாமா சிஸ்டர்?”

“உங்க பிள்ளையைத் தொட என்கிட்ட எதுக்கும்மா உத்தரவு?”

ஒற்றை விரலால் அதன் முதுகை வருடினாள் தாய். “அவர் மாதிரியே நெத்தியைச் சுருக்கறான்” என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள். இரண்டு மணி பத்து நிமிடம் அந்த நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு நின்றது.

இப்படிப்பட்டவற்றைப் பதிவேட்டில் கருச்சிதைவு என்று எழுதுவதே அங்கே வழக்கம். அவள், ‘ஆண் குழந்தை, உயிருடன் பிறந்தது’ என்று எழுதி, பிறந்த நேரத்தையும் இறந்த நேரத்தையும் குறித்தாள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார்கள், மறுத்தாள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ‘மூச்சுவிட்ட குழந்தையைப் பிறக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை’ என்று பதில் கொடுத்தாள். கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்பலாமாம்.

“ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துடேன்” என்றார் கணவர்.

“தப்பு செஞ்சிருந்தா பத்துப் பக்கம் எழுதுவேன்” என்றாள். அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தாய் தேடிவந்தாள். கையில் மகனின் பிறப்புச் சான்றிதழ். பதிவேட்டில் அந்த வரி இருந்ததால் கிடைத்தது.

“என்னால உங்களை இங்க தூக்கிப் போட்டுட்டாங்களாமே?”

“போட்டா என்ன? இங்க வர்றவங்களும் பிறந்தவங்கதானே” என்றாள் வம்பு சிஸ்டர். தாளை முழுக்கப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, கை வெந்து காத்திருந்த சமையல்காரரைப் பக்கத்தில் வரச்சொன்னாள்.