மிதந்த முட்டை

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அதை அவரே சொல்வார்.

அந்த வருஷம் தாராபுரம் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் பார்க்க உட்கார்ந்தோம். வேறு விதை கையில் இல்லை; ஒரு போகம் முழுக்க அந்த மூட்டையில்தான் இருந்தது. முறை எளியது. பச்சைத் தண்ணீரில் நல்ல முட்டை மூழ்கும். கல்லுப்பைப் போட்டுக் கலக்கக் கலக்கத் தண்ணீரின் அடர்த்தி முட்டையைத் தாண்டும். முட்டை மேலே வரும். அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் பாதி பால் பிடித்த அரைமணியும் மிதக்கும், முழுமணி அடியில் தங்கும்.

நல்ல முட்டையை எதற்கு வீணாக்குவதென்று, அடைக்கோழிக்குக் கீழே பொரிக்காமல் கிடந்த ஒன்றை அண்ணன் எடுத்து வந்தார். இரண்டு கை உப்பைப் போட்டு முட்டையை விட்டார். உடனே மிதந்தது.

"ஏனுங்க மாமா, அது கூமுட்டைங்க. பச்சைத் தண்ணியிலயே மிதக்குமுங்க. இதுல நெல்லைக் கொட்டுனா அரைமணியெல்லாம் அடிக்குப் போயிருமுங்க" என்றேன்.

"அம்மணி, காலேஜுல படிச்சதை ஊட்டுக்குள்ள வெச்சுக்க கண்ணு."

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. செருப்பால் அடித்தாலும் கண்ணு என்று சொல்லித்தான் அடிப்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குடத்துத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அதே முட்டையைப் போட்டேன். மிதந்தது. வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துப்போனது.

"முட்டையை மாத்திப்போட்டு வித்தை காட்டறயா?"

கணவர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். "நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன். அவர் குனிந்து உப்புப் பையைக் கட்டினார். மொத்த விதையும் அந்தத் தண்ணீரிலேயே போனது. மேலே வந்த பதர் ஒரு கைப்பிடிகூட இல்லை.

நாற்றங்கால் சொறிநாய் முதுகுபோலத் திட்டுத்திட்டாக முளைத்தது. அந்தப் போகம் போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், "வெதை நனைக்கறப்பவே இவ வாய் வெச்சுப்போட்டா, அப்புறம் எங்கீங்க மொளைக்கறது?" என்றார். என் கணவர் தலையாட்டினார்.

அண்ணனுக்கு அடர்த்தி தெரியாது, தொலையட்டும். இவர் கோயம்புத்தூரில் இயற்பியல் பட்டம் வாங்கியவர். அன்றிலிருந்து இவருக்குச் சோறு போடுகிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை.