அறுந்து போக வேண்டிய இழை

முடிச்சக்கா ஒரு முடிச்சுப் போட்டால் அது அவிழ்வதற்குள் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடும். சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு பெல்ட்டுக்குப் பட்டை நெய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டி அவள் கற்றதெல்லாம் ஒன்றுதான்: இழை அறக் கூடாது.

அவள் தம்பி மின்கோபுரம் ஏறுகிறவன். போன வருடம் கால் வழுக்கி விழுந்தபோது பட்டை அவனைக் காப்பாற்றியது. காப்பாற்றிய வேகத்தில் மூன்று விலா எலும்பை முறித்தும் வைத்தது. வெடுக்கென்று நிறுத்தியதால் வந்த வினை. இப்போது எலும்பு கூடி, அதே பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுகிறான்.

ஆலையின் வடிவமைப்பாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்து, நடுவில் மெல்லிய இழைகளால் பிணைப்பது. ஆள் விழுந்தால் அந்த இழைகள் ஒவ்வொன்றாக அறும். பட்டைகள் பிரிந்துகொண்டே வந்து, விழுகிற வேகத்தைத் தின்றுவிடும்.

காகிதத்தில் எல்லாம் சரி. சோதனைக் கூடத்தில் நூறு கிலோ எடையை இரண்டு முறை விழவிட்டார்கள். இரண்டு முறையும் பட்டை பாதி பிரிந்து வெடுக்கென்று நின்றது. அதிர்ச்சி மானி ஆறைத் தாண்டக் கூடாது, ஒன்பது காட்டியது. மூன்றாவதும் தோற்றால் பழைய பட்டையே போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வடிவமைப்பாளர் தோற்ற துண்டோடு வந்து அவள் தறி அருகே பெட்டிமேல் சாய்ந்தார்.

"என் கணக்குதான் தப்பு போலக்கா."

முடிச்சக்கா துண்டை வாங்கி விரித்தாள். பிரிவு நின்ற இடத்தில் ஒற்றை இழைக்குப் பதில் இரட்டை இழை. யார் வேலை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நைந்த இழை அறுந்து தறி நின்றுவிடாமலிருக்கப் பக்கத்திலேயே துணை இழை ஓட்டிவிடுவது அவள் கைப்பழக்கம். கை செய்துவிட்டது, அவளிடம் கேட்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"உங்க கணக்கு சரி சார். அறுந்துடுமேன்னு நான்தான் துணை இழை ஓட்டிட்டேன்."

"எத்தனைக்கு?"

"பாதிக்கு மேல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அறுறதுக்குன்னே போட்ட இழை அக்கா அது."

"இருபத்தாறு வருஷமா அறுந்தா திட்டினீங்க. இப்ப அறலைன்னு திட்டுங்க."

"திட்டத் தெம்பில்லக்கா. திரும்ப நெய்யுங்க."

துணை நூல்கண்டுகளையெல்லாம் வாரி, பக்கத்துத் தறிக்காரியிடம் கொடுத்தாள் முடிச்சக்கா.

"நான் கேட்டாலும் குடுக்காதே."

"கெஞ்சினா?"

"காது கேக்காத மாதிரி இரு. எப்பவும் அப்படித்தானே இருக்கே."

மூன்று நாள் நெய்தாள். மீட்டருக்கு ஏழெட்டு முறை இழை அறும், தறி நிற்கும். சுற்றிப் போய், குனிந்து, ஒற்றை இழையை மட்டும் முடிந்து, மறுபடி ஓட்ட வேண்டும். கணுக்கால் வீங்கி, செருப்பு ஏற மறுத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்துத் தறியைப் பார்த்துக் கை நீட்டினாள். அந்தப் பெண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சோதனைக்கு முடிச்சக்காவும் போனாள். எடை விழுந்தது. பட்டை தரதரவென்று கடைசிவரை பிரிந்தது. எடை ஒருமுறை ஆடி, நின்றது. சோதனைக்காரர் மானியைப் பார்த்துத் தலையாட்டியதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷம் பிறகு வரட்டும், முதலில் கால்.

உட்கார்ந்தபடியே தம்பிக்கு போன் போட்டாள்.

"தேறிடுச்சுடா. எடை ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி நின்னுச்சு. இனி நீ விழுந்தா தூக்கமே வந்துடும்."

சோதனைக்காரர் போன் பக்கம் குனிந்தார்.

"ஊஞ்சலெல்லாம் இல்ல தம்பி. ஆறு வரைக்கும் போகலாம், அஞ்சே முக்கால் போயிருக்கு. விலா உடையாது, அவ்வளவுதான். நாலு நாளைக்கு உடம்பெல்லாம் வலிக்கும். பாத்து ஏறுங்க."