நான்கு மூலையிலும் மஞ்சள்

என்னைப் போல ஒழுங்கு பார்க்கிற பிள்ளை எங்கள் தோட்டத்தில் வேறு இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மலாய் மண்ணை வெள்ளைக்காரன் ஆண்டபோது வந்த அவசரகாலம். கோலா சுங்கை பாருவுக்கு உள்ளே இருந்த எங்கள் தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். வெளியே போகிறவர்களின் மடியையும் பையையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது. கேட்டில் வெள்ளைக்காரன் சட்டம் என்றால் வீட்டுக்குள் என் சட்டம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்று முடிவானதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், தலைமையாசிரியரின் நற்சான்று, டாக்டர் சீட்டு, இரண்டு படம், விண்ணப்பப் பாரம். ஒவ்வொன்றும் கைக்கு வந்ததும் அதற்கு நேரே ஒரு கோடு. பாரத்தில் என்னென்ன எழுத வேண்டுமோ அதையெல்லாம் முதலில் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்து, பிழை திருத்தி, பிறகுதான் மைப்பேனாவை எடுத்தேன். தம்பி எச்சில் கையோடு அந்தப் பக்கம் வந்தால் முதுகில் ஒன்று விழும்.

அம்மாவிடமும் சொல்லி வைத்திருந்தேன், "இந்த ஃபைலைத் தொடாதம்மா."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?" என்று சிரித்தாள். அப்பா இறந்த பிறகு கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள்.

எல்லாவற்றையும் மலாக்காவில் கல்வி அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை, பன்னிரண்டு மணி வரைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியலில் கடைசிக் கோட்டையும் போட்டுவிட்டு, பெருமை தாங்காமல் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாரம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள்.

"நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி. வெறுமனே போகலாமா?" என்றாள் அம்மா.

சுத்தமாக நிரப்ப வேண்டும் என்று பாரத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரே பாரம். "எழுத்து தெரியாதவ கையில காகிதம் கெடச்சா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்பண்டை போய்விட்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். துணியைச் சோப்பில் தோய்த்து மூலைகளைத் தேய்த்தேன். சுண்ணாம்பு பட்டாலும் சோப்பு பட்டாலும் மஞ்சள் சிவந்துபோகும் என்பது ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? நான்கு மூலையும் செக்கச் செவேலென்று ஆயின. ஒரு மூலை கிழிந்தும் போனது. அம்மா வைத்தது இலேசான மஞ்சள். கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. பாரத்தைக் கெடுத்தது நான்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "கெளம்பு. கேட்டு தொறந்துட்டாங்க" என்றாள்.

கேட்டில் மலாய்க்காரக் காவலர் என் ஃபைலைப் பிரித்துப் பாரத்தை வெளியே எடுத்தார். சிவப்பு என்றாலே பயப்படுகிற காலம். "இனி ஆப்பா? மேரா?" என்று சிவந்த மூலையைக் காட்டிக் கேட்டு முகத்தைச் சுளித்தார். அம்மாதான் தனக்குத் தெரிந்த, கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில், "குன்யிட், துவான். காசி சாபுன், ஜாடி மேரா" என்று மஞ்சளும் சோப்பும் சேர்ந்த கதையைச் சொன்னாள். அவர் பாரத்தை முகர்ந்து பார்த்தார், சிரித்தார், "ஜாலான், ஜாலான்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தஞ்சோங் கிளிங் வழியாகப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்குகிற தமிழ்க் கிராணி பாரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "யாரு இப்படிப் பண்ணுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தாங்க ஐயா. எழுத்து தெரியாதவ. மஞ்சளும் வச்சேன், சோப்பும் போட்டேன். புள்ள மேல தப்பு ஒண்ணும் இல்லைங்க."

முந்தின நாள் நான் வீசிய சொல்லை அவள் எடுத்து எனக்காகவே செலவழித்தாள். நான் சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற மௌனங்களில் அதுதான் முதலாவது.

கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து புதுப் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "பன்னெண்டுக்குள்ள எழுதிக் குடுத்துரு லா, தங்கச்சி." பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதினேன். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் வரிசையாக இருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். என் ஒழுங்கு அன்றைக்குக் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தை வாங்கிக் கொடுத்தது அதுவல்ல.

சில மாதங்களில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. சத்தமாக வாசித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் தாயி. இப்பதான் மஞ்சள் அரைச்சேன், கையில ஒட்டியிருக்கும். நீயே பத்திரமா வை."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்து, அந்த விரலையே எடுத்துக் கடிதத்தின் நான்கு மூலையிலும் வைத்து அழுத்தினேன்.

கல்லூரியில் சேர்ந்த அன்று அந்தக் கடிதத்தைத்தான் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மஞ்சள் மூலையைப் பிடித்து வாங்கினார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.