மூடுபனி

இன்று காலை அப்பாவுக்கு என் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தபடியே கடக்வாஸ்லா அணையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

“காசு குடுத்து மூடுபனி வாங்கிட்டு வந்திருக்கான் பாரு,” என்றார் அம்மாவிடம்.

லென்ஸைத் துடைத்தேன். பட்டையை இறுக்கினேன். இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவர் கண்களுக்கு ஏற்ப நகர்த்தினேன்.

“இப்ப எப்படிப்பா இருக்கு?”

“அரே, அதேதான்டா.”

நான் மாட்டிப் பார்த்தேன். தண்ணீரின் சுருக்கங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். மறுபடியும் அவருக்கு மாட்டினேன்.

“இடது கண்ண மூடுங்கப்பா.”

மூடினார்.

“ஒண்ணும் தெரியல.” பிறகு மெதுவாக, “வெளியிலயும் அப்படித்தான். கொஞ்ச நாளா.”

“ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா ஸ்கூட்டர் சாவிய வாங்கி வெச்சுப்பீங்க.”

ஹெட்செட்டைக் கழற்றாமலேயே இதைச் சொன்னார். அம்மா தாபோடியில் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் அந்த ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்துதான் போகிறாள். நேற்றும் போனாள். இதைக் கேட்டதும் அவளே எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

கோர்படி பக்கம் நல்ல கண் டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஹெட்செட்டைச் சரிசெய்ய யோசனை வேண்டாம். அது நன்றாகத்தான் இருக்கிறது.