கல்லீரலில் ஒரு பங்கு

ஒரு செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வேலை. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். அந்தப் பாடம் என் வயிற்றுக்குள்ளேயே நடக்கும் என்று நினைத்ததில்லை.

என் மாமியாருக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. கல்லீரல் என்றாலே வலியசாலைத் தெருவில் எல்லாரும் குடியைத்தான் நினைப்பார்கள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது. "காப்பியைத் தவிர வேறொண்ணும் தொட்டதில்லையே நான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலை அது. மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரே பிள்ளை, என் கணவர். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. பரிசோதித்ததில் அவர் கல்லீரலிலும் கொழுப்பு இருந்தது. கொடுக்க முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மாமியாருக்கும் ஒரே ரத்த வகை.

"என்னதைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"நோக்குச் சின்னக் கொழந்தை இருக்குடீ. நான் வாழ்ந்தாச்சு, கேட்டியா?"

"பாதிக்கு மேல எடுத்தாலும் திரும்ப வளர்ந்துடும்மா."

"வெட்டினா தழைக்கறதுக்கு அது என்ன முருங்கை மரமா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். கல்லீரல் செல்கள் சாதாரண நாட்களில் பெரும்பாலும் பிரியாமல் சும்மா இருக்கும். ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பவை விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் பெருத்து, தன் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கி, இரண்டாகப் பிரியும். உடம்புக்குப் போதும் என்ற அளவு வந்ததும் நின்றுவிடும்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "நிக்காமப் போனா?" என்றார்.

"நிக்கும்மா" என்றேன். கடைசியில் அரைமனதாகச் சம்மதித்தார்.

மருமகள் சட்டப்படி நெருங்கிய உறவில்லை என்பதால் ஒரு குழுவின் முன் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. என்னைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் யாராவது வற்புறுத்தினார்களா என்று ஒரு பெண் அதிகாரி மலையாளத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

"பின்னெ எந்தினா?" என்றார். பிறகு எதற்காக என்று கேட்கிறார்.

பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்ப முடிந்தது, குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாமியாரால்தான் என்றேன். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது என்றும், ஆனாலும் அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னேன். மலையாளத்தில் தொடங்கிய நான் எந்த இடத்தில் தமிழுக்கு மாறினேனோ தெரியாது. அந்த அதிகாரி தடுக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருமினாலே உயிர் போனது. மகளைத் தூக்கக்கூடாது என்றார்கள். அவள் கட்டிலோரம் நின்று என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். கண் மூடும்போதெல்லாம் உள்ளே செல்கள் பிரிந்துகொண்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். வலி குறையாது, பயம் குறையும். மாமியாரின் கண்ணில் மஞ்சள் தெளிகிறது என்று கணவர் வந்து சொன்ன அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன். என்னுடையது ஏறக்குறையப் பழைய அளவுக்கே வந்திருந்தது. அவருக்குள் போன பங்கும் வளர்ந்து, போதும் என்று நின்றிருந்தது. எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்தபோது மாமியார் அடுப்படியில் பப்படம் பொரித்துத் தின்றுகொண்டிருந்தார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் கத்தினேன்.

"என்னை ஏன் வையறே?" என்றார் வாயில் பப்படத்தோடு. "உள்ள இருக்கறது உன்னோடதாக்கும். அதுதான் கேட்டுது."