படம் சொன்ன கனகலிங்கம்

சண்டிலிப்பாய்க் கனகலிங்கத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வாயால் அவர் செய்த காரியத்தை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பாடப்படம் காட்டுவது அவருடைய உத்தியோகம். படம் பேசுவது இங்கிலீசு. ஒரு பள்ளிக்கூட விடுதியில் கண் தெரியாத பிள்ளைகள் ஆறு பேர் தங்கிப் படித்தார்கள். படம் தொடங்கும் முன் அவர்களைப் பிரம்பு பின்னும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் அவர்களில் பத்மாசினி என்ற பதின்மூன்று வயதுக்காரி அவரை மறித்துக் கேட்டாள்.

"அண்ணை, எங்களுக்கு ஆர் படம் காட்டுறது?"

அந்தக் கேள்வி மனுசனைச் சும்மா இருக்க விடவில்லை. தானே மைக்கில் தமிழில் படம் சொல்வதாக அதிபர் இராசநாயகத்திடம் போய் நின்றார்.

"ஒருக்கா இருத்திப் பாப்பம். சரிவரேல்லை எண்டால் பிறகு பிரம்பு அறைதான்," என்றார் அதிபர்.

கனகலிங்கம் வீட்டுச் சுவரில் படத்தை ஓடவிட்டு, மனைவி நல்லம்மாவைச் சுவருக்கு முதுகு காட்டி இருத்தினார். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டாள்.

"அந்தா பார், உங்காலை போகுது," என்று அவர் சுவரின் ஒரு பக்கத்தைக் கைகாட்டினார்.

"எங்காலை? எனக்கென்ன முதுகிலை கண்ணோ?"

ஒரு கிழமை அவளிடம் பேச்சு வாங்கிய பிறகுதான் அவருக்குப் படம் சொல்ல வந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் முதலில் கடலாமைப் படம். "ஆமை பின்னங்காலாலை குழி தோண்டுது. உங்கடை முழங்கை ஆழம்," என்றார். ஆறு பேரும் தங்கள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியில் குஞ்சுகள் மணலில் ஓடின. "எல்லாம் தண்ணியிலை இறங்கீட்டுது," என்று முடித்தார்.

மண்டபமோ "ஐயோ!" என்றது.

வெளிச்சம் வந்ததும் பத்மாசினி எழுந்தாள். "எல்லாம் இறங்கினதெண்டால், மற்றவை ஏன் ஐயோ எண்டவை?"

கடைசிக் குஞ்சைப் பருந்து தூக்கிப் போயிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று அவரே மறைத்திருந்தார். அதிபர் பக்கத்தில் நிற்கிறார். பிழையை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் மறுபடி பிரம்பு அறைக்குப் போகவேண்டி வரலாம். மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை; அதுதான் கனகலிங்கம்.

"பிழை என்ரைதான்," என்று மைக்கிலேயே சொன்னார். "பாவம் எண்டு நினைச்சு ஒண்டை மறைச்சுப்போட்டன்."

"எங்களைப் பாவம் பாக்காதேங்கோ, அண்ணை. படத்தைச் சொல்லுங்கோ."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி எல்லாப் படத்துக்கும் உந்தப் பிள்ளையளும் இருப்பினம். கடைசித் துண்டைத் திருப்பிப் போடும், கனகலிங்கம்."

"பருந்து இறங்குது. குஞ்சைத் தூக்கீட்டுது," என்றார் கனகலிங்கம்.

ஆறு பேரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள்.