படிக்கட்டோர அலமாரிக்கு வந்த ஒரே வாசகர்

கிளை நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளை "உஷ் அக்கா" என்றுதான் சொல்வார்கள். யாராவது நாற்காலியைக் கொஞ்சம் இழுத்தால் போதும், நூலகர் மேசையிலிருந்து ஓர் உஷ் வரும். அந்தக் கட்டடத்திலேயே பெரிய சத்தம் அந்த உஷ்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கும் உஷ்தான் பதில்.

நூலகம் மாடியில் ஒரே நீள அறை. ஜன்னலோரம் வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து, நூலகத்தின் மின்விசிறியை மட்டும் இரவல் வாங்கிக்கொள்வார்கள். செய்தித்தாள் மேசை ஓய்வு பெற்றவர்களுக்குச் சொந்தம். சமையல், துப்பறியும் கதை அலமாரிகளில் தூசி படியவே நேரம் இருக்காது. படிக்கட்டை ஒட்டி இருந்த ஓர் அலமாரியைத்தான் யாரும் சீந்தமாட்டார்கள். அதில் "அறிவியலும் சமூகமும்" என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். ஆராய்ச்சிக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவு வந்தால் என்ன ஆகிறது, விஞ்ஞானி சொல்வதை ஊர் ஏன் நம்ப மாட்டேன் என்கிறது, இப்படிப்பட்ட புத்தகங்கள். எல்லாம் மேலதிகாரியோடு மல்லுக்கட்டி வாங்கியவை. "யாரும்மா படிப்பாங்க இதையெல்லாம்?" என்பார் அவர். "படிப்பாங்க சார்" என்பாள் இவள். சும்மா சொல்லக்கூடாது, அவள் ஒருத்தி முழுசாகப் படித்தாள். மற்றபடி அந்த அலமாரி வருடக்கணக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பஸ் கண்டக்டர். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். தங்கமான மனிதர், ஆனால் டிக்கெட் விஷயத்தில் மட்டும் ஈவு இரக்கம் பார்க்கமாட்டார். அவள் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, டிக்கெட் எடுத்த நிறுத்தம் வந்தும் மழைக்குப் பயந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன்தானே, கண்டுகொள்ளமாட்டார் என்று நினைப்பு. "உன் ஸ்டேஜ் முடிஞ்சிடுச்சு பாப்பா, எறங்கு" என்று விசில் அடித்து, கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் அவளுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அப்படிப்பட்டவர் வீட்டில் சும்மா இருந்தால் அண்ணி என்ன பாடுபடுவாள்? "அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள போ உள்ள போங்கறார். இருக்கறதே நான் ஒருத்தி, எங்கம்மா போவேன்? உன் லைப்ரரிக்காவது கூட்டிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள்.

அண்ணன் வந்தார். அறையில் எவ்வளவோ நாற்காலி காலியாக இருந்தும் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார். முப்பத்தைந்து வருடப் பழக்கம் எங்கே போகும்? நின்ற இடத்தில் கைக்கு எட்டியது அந்த அலமாரி. ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "இத வீட்டுக்குக் கொண்டு போலாமா பாப்பா?" என்று கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரத் தவணை என்று சொல்லி, திருப்ப வேண்டிய தேதியை முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தவணை நாள் தவறாமல் வந்தார். ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் போவார். "சார், ஒருத்தர் அந்த அலமாரியவே காலி பண்ணிட்டு வர்றார்" என்று மேலதிகாரியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். அது சொந்த அண்ணன் என்பதை மட்டும் லாகவமாக விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் படித்ததையெல்லாம் ஒப்பிப்பார். "ஒரே மருந்த பத்து தடவ சோதிச்சிருக்கான் பாப்பா. மூணு தடவதான் வேலை செஞ்சிருக்கு. அந்த மூண மட்டும் வெளிய சொல்லிட்டு, மீதி ஏழையும் பெட்டியில போட்டுப் பூட்டிட்டான்" என்பார். என்ன ஞாபகசக்தி என்று அவள் பூரித்துப்போவாள். சொல்லும்போது அவர் முகம் எப்படிக் கறுக்கிறது என்று பார்த்தாளா என்றால், பார்க்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். வந்தவள் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"உங்கண்ணன் பிரஷர் மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் ஆகுதாம். நேத்து குளிச்சிட்டு வந்தவர் சுவத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டார். கிளினிக்ல பார்த்தா நூத்தி எண்பது. நர்ஸ் குடைஞ்சு கேட்டப்புறம்தான் வாயத் தொறக்கறார். ஏன் நிறுத்துனீங்கன்னா, எல்லாம் பாப்பா குடுத்த புத்தகத்துல இருக்குங்கறார். நீ அப்படி என்னம்மா குடுத்த அவருக்கு?"

அறையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அவள் யாரையும் அடக்கவில்லை. அவளுடைய அப்பாவும் இதே பிரஷரில் போனவர்தான். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவளும் அண்ணனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஞாபகம் வந்தது. முத்திரை மைப்பெட்டியை மூடக்கூட மறந்து, அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

அண்ணன் தயாராக இருந்தார். மறைத்த சோதனைகளைச் சொன்னார். பதவி உயர்வுக்காக வருடத்துக்கு ஒரு கட்டு கட்டுரை எழுதித் தள்ளும் பேராசிரியர்களைச் சொன்னார். ஒருவர் செய்த பரிசோதனையை இன்னொருவர் செய்தால் அதே விடை வராத கதையைச் சொன்னார். ஒன்றிலாவது தப்புப் பிடிக்கலாம் என்று பார்த்தாள். தொல்லையே அதுதான், அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. எல்லாம் அவளே படித்து, நல்லது என்று வாங்கி வைத்த புத்தகங்களில் இருந்ததுதான்.

"சரிண்ணே, அந்தத் திருட்டையெல்லாம் கண்டுபிடிச்சது யாரு? வேற டாக்டருங்கதானே? அந்த மருந்துப் புத்தகத்துல கடைசி நாலு அத்தியாயமும் அதுதானே?"

"அப்படி ஒண்ணும் அதுல இல்லையே."

"இருக்குண்ணே. நான் படிச்சிருக்கேன்."

"நான் அதுவரைக்கும் போகல. பாதியிலயே ரெண்டு வாரம் முடிஞ்சிடுச்சு."

"எங்கிட்ட சொன்னா இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக் குடுத்திருப்பேன். எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க."

"எல்லாரும் ஸ்டேஜ் தாண்டி உக்காரத்தான் பார்த்தாங்க. நான் விட்டேனா? எனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டீர்களா கதையை? மனிதர் வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பவர், இரண்டு வாரத்தில் பாதிப் புத்தகம்தான் தாண்டுவார். தேதி வந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் இறங்கிவிடுவார். இந்த மாதிரிப் புத்தகங்களோ முதல் பாதியில் நோயைச் சொல்லும், இரண்டாம் பாதியில்தான் வைத்தியத்தைச் சொல்லும். எழுதியவர்கள் இப்படி ஒரு கண்டக்டர் படிப்பார் என்று கனவா கண்டார்கள்? ஆக, அண்ணன் ஓர் அலமாரி நிறையத் திருட்டைப் படித்திருந்தார், ஒரு திருடனாவது பிடிபட்டதைப் படிக்கவில்லை.

மறுநாள் மருந்துகளைப் பற்றிய புத்தகத்தைப் புதுத் தேதி குத்தி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். "இது புது டிக்கெட். விட்ட இடத்துலேருந்து படி. ஆனா முடிக்கிற வரைக்கும் மாத்திரை போடு" என்றாள். புது டிக்கெட் என்றதும் வாங்கிக்கொண்டார். மாத்திரைக்கு மட்டும் மசியவில்லை. "விசாரணை முடியட்டும்" என்றார், ஏதோ நீதிபதி மாதிரி. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புத்தகத்தாலேயே ஒன்று போட்டிருப்பாள், அண்ணனாகிப் போனார்.

அந்த இரண்டு வாரமும் அவள் உயிர் அவளிடம் இல்லை. காலையில் எழுந்ததும் அண்ணிக்கு ஃபோன் போடுவாள். "நிக்கறார், நடக்கறார், படிக்கறார்" என்பாள் அண்ணி. நூலகத்தில் பிள்ளைகள் பேசிச் சிரித்தார்கள், அவள் காதில் விழவில்லை. துப்பறியும் கதை ஒன்றைச் சமையல் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். எந்த அலமாரிக்காக அத்தனை வருடம் சண்டை போட்டாளோ, அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

தவணை நாளன்று அண்ணன் வந்து புத்தகத்தை மேசை மேல் வைத்தார்.

"முடிச்சிட்டேன். நீ சொன்னது சரிதான். தப்ப அவங்க ஆளுங்களேதான் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு டாக்டரம்மா வேலை போனாலும் பரவாயில்லன்னு நின்னு சண்டை போட்டிருக்கு."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா அதுக்கு ஒன்பது வருஷம் ஆயிருக்கு பாப்பா. அந்த ஒன்பது வருஷமும் ஜனங்க நம்பி அதத்தானே முழுங்கியிருக்காங்க. என் மாத்திரைக்கு இது எத்தனாவது வருஷம்? நீ சொல்லு."

படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். அந்த மாத்திரை பழையது, கோடிக்கணக்கான பேர் போடுகிறார்கள், எவ்வளவோ முறை சோதித்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பாதியில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

"நூத்துக்கு நூறு தெரியுமான்னு கேட்டா, தெரியாதுண்ணே. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அது நல்ல மாத்திரை. நாளைக்கு எவனாவது வந்து இல்லன்னு சொன்னாலும் சொல்லலாம். ஆனா அப்பா சாய்ஞ்சத நான் பார்த்தேன், நீயும் பார்த்த. உன்ன அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. பயமா இருக்கு."

அண்ணன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டாக்டரும் போடுன்னார், மருந்துக்கடைக்காரரும் போடுன்னார், உங்கண்ணியும் போடுன்னா. தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்லல பாப்பா" என்றார். சட்டைப் பையில் கை விட்டார். அண்ணி தினமும் காலையில் விடாமல் போட்டு அனுப்பும் மாத்திரைப் பட்டை அதில் இருந்தது. "தண்ணி இருக்கா?"

அவள் பாட்டிலை நீட்டினாள். அவர் மாத்திரையை வாயில் போட்டு, அண்ணாந்து தண்ணீர் குடித்தார். அது உள்ளே இறங்கும்வரை அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் இதே கேள்வியத்தான் கேப்பேன்" என்றார்.

"கேளு. நானும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். நாளைக்கும் போடணும்" என்றாள்.